உத்தரவைக் காட்டாத தடை: ஒரு நையாண்டித் தளம் முடக்கப்பட்டதும் அதன் பிறகும் (நிகழ்வு ஆய்வு)

இணையதளம் ஒன்றை மத்திய அரசு முடக்கியது. முடக்கிய உத்தரவின் நகலைப் பெறுவதற்கே தளத்தை நடத்தியவருக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. நீதிமன்ற வழக்கின் வழியாகவும் செய்திகளின் வழியாகவும் வெளியே வந்த விவரங்களை வைத்து அந்த நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். தளத்தை நடத்தியவர், அதிகாரிகள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் பெயர்களை விட்டுவிட்டேன். சிறு தளம் நடத்துபவர்களும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுபவர்களும், உள்ளூர் நிருபர்களும் கவனிக்க வேண்டியவை இதில் நிறைய இருக்கின்றன.

பின்னணி

எழுத்துத் தொழிலில் இருந்த ஒருவர் 2011இல் அந்தத் தளத்தைத் தொடங்கினார். மாப்பிள்ளைக்கு எவ்வளவு வரதட்சணை கேட்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் தளம் அது. வயது, சாதி, படிப்பு, சம்பளம், தோல் நிறம், அப்பாவின் வேலை என்று கேள்விகள் வரிசையாக வரும். எல்லாவற்றையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் ஒரு தொகை வந்து நிற்கும். வரன் பார்க்கும் அத்தை, மாமிகளுக்கு இது சமர்ப்பணம் என்று தளத்திலேயே எழுதியிருந்தார். கல்யாணப் பேச்சில் கூச்சமில்லாமல் நடக்கும் பேரத்தை அப்படியே ஒரு படிவமாக்கிக் காட்டியதுதான் அதன் நையாண்டி.

இதை நையாண்டியாக எடுத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. ஆனாலும் வரதட்சணை மரணங்கள் என்று பதிவாகும் வழக்குகள் நாடு முழுவதும் ஆண்டுக்கு 6,000க்கும் மேல் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில் இப்படி ஒரு தளமா என்று அரசியல் தலைவர்கள் சிலர் வெளிப்படையாகக் கோபப்பட்டார்கள், தடை செய்யச் சொன்னார்கள். அந்தக் கோபத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கோபப்பட்டவர்கள் கைகாட்டிய சட்டம்தான் இங்கே கேள்விக்குரியது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் உள்ள ஒன்றைப் பொதுமக்கள் பார்க்க முடியாமல் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. காரணங்களைச் சட்டமே வரையறுத்திருக்கிறது: நாட்டின் இறையாண்மை மற்றும் ஒருமைப்பாடு, பாதுகாப்பு ஏற்பாடுகள், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான கைது செய்யத்தக்க குற்றத்தைத் தூண்டுவதைத் தடுப்பது. இந்தப் பட்டியலில் வரதட்சணைக்கு எங்கே இடம் என்று தேடிப் பார்த்தால் நேரடியாக எதுவும் அகப்படாது. வரதட்சணை கேட்பது குற்றம்தான். ஆனால் 69ஏ எல்லாக் குற்றங்களையும் பற்றிப் பேசவில்லை. மேலே சொன்ன விஷயங்கள் தொடர்பான குற்றங்களை மட்டுமே பேசுகிறது.

இந்தப் பிரிவின் கீழ் 2009இல் வகுக்கப்பட்ட விதிகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். விதி 8இன்படி, குறிப்பிட்ட தகவலை வெளியிட்டவரையோ அதைத் தாங்கும் நிறுவனத்தையோ கண்டுபிடிக்க அதிகாரி நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். தடைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் அதிகாரிகள் குழுவின் முன் வந்து விளக்கம் தர அவர்களுக்குக் குறைந்தது 48 மணி நேரம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். விதி 9 அவசர காலத்துக்கானது. முதலில் தடுத்துவிட்டு, 48 மணி நேரத்துக்குள் விஷயத்தைக் குழுவின் முன் வைக்கலாம். விதி 16, வந்த புகார்களையும் எடுத்த நடவடிக்கைகளையும் கண்டிப்பாக ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது.

குழுவில் இருப்பவர்கள் சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு ஆகிய அமைச்சகங்களின் இணைச் செயலாளர் மட்டத்து அதிகாரிகளும், கணினிப் பாதுகாப்பு அவசரக் குழுவின் பிரதிநிதியும். அரசுக்கு வெளியே இருந்து ஒருவரும் கிடையாது.

2018: தளம் திறக்கவில்லை

2018இல் தளம் முடக்கப்பட்டது. நடத்தியவருக்கு முன்கூட்டி நோட்டீஸ் வரவில்லை, முடக்கிய பிறகும் கடிதம் வரவில்லை.

இந்தியாவில் இணையதளத் தடை எப்படித் தெரியவரும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சினிமாவுக்குத் தடை என்றால் தியேட்டர் வாசலில் தெரியும். பத்திரிகைக்குத் தடை என்றால் கடையில் கட்டு வராது. இணையத்தில் அந்தத் தெளிவு இல்லை. அரசின் உத்தரவு இணையச் சேவை நிறுவனங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தெரிந்த தொழில்நுட்பத்தில் அதை நிறைவேற்றுகிறது. சிலவற்றில் ‘அரசின் உத்தரவின்படி தடை செய்யப்பட்டுள்ளது’ என்ற பக்கம் வரும். சிலவற்றில் வெற்றுத் திரை. சிலவற்றில் ஏதோ இணைப்புக் கோளாறு போல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நிறுவனத்தின் சிம்மில் திறக்காத தளம் இன்னொன்றில் திறப்பதும் உண்டு. வாசகர் சர்வர் பழுது என்று நினைத்துப் போய்விடுவார். நடத்துபவரும் முதலில் தன் சர்வரைத்தான் சோதிப்பார்.

இது தனி ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நாடாளுமன்றத்தில் அரசு தந்த பதில்களின்படி 69ஏ பிரிவில் 2018இல் தடுக்கப்பட்ட இணைய முகவரிகள் 2,799. 2020இல் அது 9,849 ஆனது. எண்ணிக்கையை நாடாளுமன்றத்தில் சொல்வார்கள். எந்த முகவரிகள், எந்தக் காரணத்துக்காக என்று கேட்டால் விதி 16 வந்து நிற்கும்.

தகவல் கேட்டபோது வந்த பதில்

அடுத்து அவர் எடுத்த வழி தகவல் உரிமைச் சட்டம். என் தளம் தடுக்கப்பட்டிருக்கிறதா, எந்தச் சட்டத்தின் கீழ், உத்தரவின் நகல் எங்கே என்பதே கேள்வி.

பாதிக் கேள்விக்குப் பதில் வந்தது. ஆம், 69ஏ பிரிவின் கீழ் தடுக்கப்பட்டிருக்கிறது என்று மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஒப்புக்கொண்டது. உத்தரவைத் தர மறுத்தது. காரணம், விதி 16இன் ரகசியம்.

இந்த மறுப்புதான் இந்த நிகழ்வின் மையம் என்பது என் கருத்து, அதனால் இங்கே சற்று நிற்கிறேன்.

2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பில் 69ஏ செல்லும் என்று சொன்னதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. செல்லும் என்றதற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்களில் முக்கியமானது: தடை உத்தரவில் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், பாதிக்கப்பட்டவர் அதை வைத்து ரிட் மனுவில் (அரசின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) எதிர்க்கலாம். அதாவது, காகிதம் கைக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பிரிவே பிழைத்தது. காகிதத்தைக் கொடுக்க மாட்டோம் என்றால், எதை இணைத்து மனுப் போடுவது? எந்தக் காரணம் தவறு என்று வாதாடுவது?

தகவல் உரிமைச் சட்டத்தின் கண்ணில் பார்த்தாலும் அந்த மறுப்பு பலவீனமானது. அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, அதனோடு முரண்படும் வேறு எந்தச் சட்டம் இருந்தாலும் தானே மேலோங்கும் என்கிறது. 1923ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அப்படியிருக்க, இன்னொரு சட்டத்தின் கீழ் நிர்வாகம் எழுதிய ஒரு விதி அதைத் தாண்டுவது கடினம். மறுப்பதானால் 8ஆம் பிரிவில் உள்ள விலக்குகளில் ஒன்றைக் காட்டி, அது எப்படிப் பொருந்தும் என்று விளக்க வேண்டும். இறையாண்மைக்குக் கேடு என்ற விலக்கு அங்கே இருக்கிறது. மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கும் ஒரு படிவத்தால் இறையாண்மைக்கு என்ன கேடு என்று எழுத எந்தப் பொதுத் தகவல் அலுவலருக்கும் கை கூசும். அதைவிட விதி 16 என்று ஒரே வரியில் முடிப்பது சுலபம்.

சென்னை மாநிலத்தில் நடந்த ஒரு பழைய வழக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று 1950 மார்ச் 1ஆம் தேதி சென்னை அரசு உத்தரவு போட்டது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட முடியவில்லை. ஆனால் அந்த உத்தரவு புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் அச்சானது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எல்லாமே அதில் இருந்தது. இதழின் ஆசிரியர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். மே 26ஆம் தேதி அந்தச் சட்டப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மூன்று மாதத்துக்கும் குறைவு. (அந்தத் தீர்ப்புக்குப் பதிலாகத்தான் அடுத்த ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கும் வெளிநாட்டு நட்புறவும் கருத்துரிமைக்கான வரம்புகளில் சேர்ந்தன. இன்று 69ஏயில் இருக்கும் சொற்கள் அங்கிருந்து வந்தவை.) தணிக்கை அன்றும் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் எதிராளி எங்கே நிற்கிறான் என்று தெரிந்தது.

நீதிமன்றம் போவதென்ற முடிவு

ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு என்பதுதான் வழக்கமான பாதை. இந்த நிகழ்வில் தீர்வு தேடியது ரிட் மனுவின் வழியாக. டிஜிட்டல் உரிமைகளுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பின் வழக்கறிஞர்கள் உதவியோடு 2019 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் ஆனது.

அந்தத் தேர்வுக்கு நல்ல காரணம் உண்டு. தகவல் ஆணையம் அதிகபட்சம் ஆவணத்தைக் கொடுக்கச் சொல்லும். தடையை நீக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. விதி 16 செல்லுமா என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. உயர் நீதிமன்றத்தில் மூன்று விஷயங்களை ஒரே மனுவில் கேட்கலாம்: உத்தரவைக் கொடு, என்னை விசாரி, தடையை நீக்கு.

இழப்பும் உண்டு. வழக்கு என்றால் செலவு, வக்கீல், வாய்தா. அமைப்பு ஒன்று துணைக்கு வந்ததால் இவரால் முடிந்தது. ஒரு தாலுகா ஊரிலிருந்து யூடியூப் சேனலோ செய்தித் தளமோ நடத்தும் ஒருவர் சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ போய் அமைச்சகத்தை எதிர்த்து ரிட் போடுவது என்பது வேறு கதை. மேலும், ஆணையத்துக்குப் போயிருந்தால் 22ஆம் பிரிவா விதி 16ஆ என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். அந்தப் பதில் எப்படி இருந்திருந்தாலும், பின்னால் வருபவர்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

இரு தரப்பும் சொன்னவை

அரசின் பதிலில் இரண்டு விஷயம் முக்கியம். தளத்தை நடத்துவது யார் என்று அதில் அடையாளம் இல்லை, அதனால் நோட்டீஸ் அனுப்ப இயலவில்லை என்பது ஒன்று. தளம் சமூகத் தீமை ஒன்றை ஊக்குவிக்கிறது, நடவடிக்கை ரகசியமாகவே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

நடத்துபவர் யார் என்பது ஒளிந்திருந்த விஷயமே இல்லை, தளத்தைப் பற்றிய செய்திகளில் அது ஏற்கெனவே வந்திருக்கிறது என்பது மனுதாரர் தரப்பு. பிறகு எப்படிக் கண்டுபிடிக்க இயலவில்லை? சரி, முடக்குவதற்கு முன்னால் அடையாளம் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆர்டிஐ மனுவில் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ‘அந்தத் தளம் என்னுடையது’ என்று ஒருவர் வந்து நின்ற பிறகு என்ன தடை? அந்த நாளிலிருந்து நோட்டீஸ் அனுப்பாததற்கு அடையாளம் தெரியாமை காரணமாக இருக்க முடியாது. மனுதாரரின் வலுவான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நையாண்டி என்ற வாதமும் இருந்தது. வரதட்சணை கேட்பவரைக் கேலி செய்யும் பக்கம் வரதட்சணையை வளர்க்கிறதா? படிப்பவரைப் பொறுத்து இதற்கு இரண்டு பதில் வரலாம். அப்படி இரண்டு பதில் வரக்கூடிய கேள்விக்காகத்தான் எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும் என்ற விதி இருக்கிறது.

2022 மே 11

பெருந்தொற்றுக் காலம் வந்து போனது. வழக்கு நகர்ந்த வேகத்தை அதன் மேல் முழுதாகப் பழி போட முடியாது, ஆனாலும் அதுவும் ஒரு காரணம்.

2022 மே 11 அன்று உயர் நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. தடை உத்தரவின் நகலை மனுதாரருக்குக் கொடுக்க வேண்டும். விதிகளின் கீழ் உள்ள குழு அவரை அழைத்து, முடிவெடுத்த பிறகான விசாரணையை நடத்த வேண்டும்.

கேட்பதற்கு எளிய உத்தரவு. ஆனால் 69ஏ பிரிவில் முடக்கப்பட்ட ஒருவருக்கு உத்தரவின் நகலைக் கொடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது பெரிய விஷயம். பாதிக்கப்பட்டவரிடமிருந்து உத்தரவை மறைக்க விதி 16ஐப் பயன்படுத்த முடியாது என்பதற்கு நடைமுறையில் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. தடை சரியா தவறா என்பதற்குள் நீதிமன்றம் அப்போது போகவில்லை. அதையும் குழுவே முதலில் பார்க்கட்டும் என்று விட்டது.

விசாரணைக்குப் பின்

விசாரணை நடந்தது. தடை நீடிக்கட்டும் என்று குழு முடிவு செய்தது. வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்கே வந்தது.

வியப்பதற்கு ஒன்றுமில்லை. தடை போட்ட அமைப்பிடமே, தடை சரிதானா என்று நான்கு ஆண்டு கழித்துக் கேட்டால், தவறு என்று சொல்வது அபூர்வம். முன்னால் நடக்க வேண்டிய விசாரணையைப் பின்னால் நடத்துவதில் இருக்கும் சிக்கலே இது. நோட்டீஸ் முதலிலேயே வந்திருந்தால் பேச நிறைய இடம் இருந்திருக்கும். இது நையாண்டி, வரதட்சணை கேட்பது குற்றம் என்று முகப்பில் பெரிதாக எழுதச் சொல்லலாம். புகார் எண்களை அதே பக்கத்தில் போடச் சொல்லலாம். முழுத் தளத்தையும் இல்லாமல் செய்வதைவிடச் சிறிய நடவடிக்கைகள் பல இருந்தன. முடக்கிவிட்ட பிறகு அவற்றைப் பரிசீலிப்பது, முன்பு எடுத்த முடிவு மிகை என்று ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும்.

ஆக, தளத்தை மீட்பதே நோக்கம் என்று பார்த்தால் இந்த நிகழ்வில் வெற்றி இல்லை. உத்தரவைக் கையில் வாங்கியது மட்டும்தான் நடந்தது.

அதே சட்டம், 2025, சென்னை

ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு நிகழ்வு இருக்கிறது. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்கா நாடு கடத்திய 104 இந்தியர்கள் விலங்கு பூட்டப்பட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸ் வந்திறங்கினார்கள். அதையொட்டி விகடன் குழுமத்தின் ‘விகடன் ப்ளஸ்’ இணைய இதழில், அமெரிக்க அதிபரின் அருகில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பது போல ஒரு கார்ட்டூன் வந்தது. பாஜக தரப்பிலிருந்து புகார் போனது. பிப்ரவரி 15 மாலையிலிருந்து விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. அப்போது கையில் உத்தரவு எதுவும் இல்லை. மறுநாள்தான் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீஸ் வந்தது, 17ஆம் தேதி குழுக் கூட்டத்துக்கு வரச்சொல்லி. மார்ச் 6ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது: அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்குங்கள், நீக்கியதும் அரசு தடையை எடுக்க வேண்டும்.

முடக்கத்திலிருந்து நீதிமன்ற உத்தரவு வரை 19 நாள். அங்கே நான்கு ஆண்டு, இங்கே மூன்று வாரம்கூட இல்லை. சட்டம் ஒன்றுதான். வேறுபாடு எங்கே? விகடனுக்கு, தாமதமாகவேனும், ஒரு நோட்டீஸ் வந்தது. எந்தப் படம், எந்த அமைச்சகம், எந்தக் குழு என்று தெரிந்தது. அப்போது நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த நிறுவனம் என்பதால் நடத்துவது யார் என்று தெரியவில்லை என அரசு சொல்ல வழியே இல்லை. மூத்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள். அரசியல் கட்சிகளும் பத்திரிகையாளர் அமைப்புகளும் அன்றைக்கே குரல் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த 19 நாளை முழு வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு படத்துக்காக ஒரு முழுத் தளத்தையே மூடியது சரியா, ஒரு கார்ட்டூனால் இறையாண்மையோ வெளிநாட்டு நட்புறவோ கெடுமா என்ற கேள்விகளுக்கு அந்த இடைக்கால உத்தரவில் முடிவான பதில் இல்லை. தளம் திரும்பி வர, கார்ட்டூன் போக வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான கட்டுரைகளை மூடி வைத்தால் ஒரு பக்கத்தை எடுக்க எந்த ஆசிரியரும் சம்மதிப்பார். முழுத் தளத் தடையின் அழுத்தம் அங்கேதான் இருக்கிறது. 1987இல் இதே குழுமத்தின் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியரை அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக, உரிமை மீறல் என்று தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவலுக்கு அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பி, சில நாளில் விடுதலையானார். அன்று தண்டித்தவர்கள் அவையில் உட்கார்ந்து, பேர் சொல்லித் தண்டித்தார்கள். அந்த நகைச்சுவை அச்சிலேயே இருந்தது.

எதை வேறு மாதிரி செய்யலாம்

தளம் நடத்துபவர்களிடமிருந்து தொடங்கலாம். ஆசிரியர் பெயர், மின்னஞ்சல், அஞ்சல் முகவரி ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாகப் போட்டு வையுங்கள். பெயரில்லாமல் எழுத நியாயமான காரணம் பலருக்கு உண்டு, அவர்களைச் சொல்லவில்லை. ஆனால் ஒளிய வேண்டிய தேவை இல்லாதவர்கள் பெயரைப் போடாமல் விட்டால், ‘யாரென்று தெரியவில்லை’ என்ற வாதத்துக்கு வழி விடுகிறார்கள். தளம் திறக்கவில்லை என்று முதல் புகார் வந்ததுமே, வெவ்வேறு நிறுவன இணைப்புகளில் திறந்து பார்த்து, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி திரைப்பதிவு எடுத்து வைக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவரையும் திறக்கச் சொல்லுங்கள். அங்கே திறந்து இங்கே திறக்கவில்லை என்றால் சர்வர் பழுதல்ல. எந்தத் தேதியில் தடை தொடங்கியது என்பதற்கு அரசு ஆவணம் கிடைக்கும்வரை உங்களிடம் இருக்கப்போகிற சான்று இதுதான்.

ஆர்டிஐ மனுவை எழுதும் விதத்தையும் மாற்றலாம். ‘உத்தரவின் நகல் வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் ஒற்றை வரியில் மறுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் அதிகம் பயன்படுத்தப்படாத ஒரு பிரிவு இருக்கிறது: 4(1)(டி). நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தை அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு அலுவலகம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மனுவிலேயே ‘பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் இந்தப் பிரிவின்படி காரணத்தைக் கேட்கிறேன்’ என்று எழுத வேண்டும். உத்தரவின் தேதி, பிறப்பித்தவரின் பதவி, விதி 8இன் கீழா விதி 9இன் கீழா, விதி 8 என்றால் நோட்டீஸ் அனுப்பிய தேதியும் முகவரியும், குழு கூடிய தேதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் சொல்லித்தான் மறுக்க முடியும். ரகசியப் பகுதி இருந்தால் 10ஆம் பிரிவின்படி அதை மறைத்து மீதியைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று. தகவல் கேட்கும் உரிமை குடிமக்களுக்கானது. பத்திரிகையின் பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ மனுப் போட்டு, அதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள். மத்திய அரசு அலுவலகம் என்றால் இணையத்திலேயே 10 ரூபாய் கட்டி அனுப்பலாம். மின்னணு அமைச்சகம், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், தொலைத்தொடர்புத் துறை மூன்றுக்கும் ஒரே நாளில் அனுப்புவது நல்லது. ஒன்று மறுப்பதை இன்னொன்று கொடுத்துவிடுவதும் நடக்கிறது.

முதல் மேல்முறையீட்டையும் இரண்டாம் மேல்முறையீட்டையும் கைவிட வேண்டாம். ரிட் மனு போட்டாலும், அதற்கு இடைஞ்சல் இல்லாத வகையில் இதை நடத்த முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுத் தரப்பில் மாற வேண்டியது அதிகம், மாற்றுவது சுலபம். தடுக்கப்பட்ட பக்கத்தில் உத்தரவு எண், தேதி, சட்டப் பிரிவு, மேல்முறையீடு எங்கே என்ற நான்கு வரிகள் இருந்தாலே இந்தக் கதையின் பாதி நடந்திருக்காது. இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று காஷ்மீர் தொடர்பான வழக்கில் 2020 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாவட்டத்தின் இணையத்தை நிறுத்தும் உத்தரவை வெளியிடலாம் என்றால் ஒரு தளத்தை நிறுத்தும் உத்தரவை ஏன் வெளியிடக்கூடாது என்பதற்கு நல்ல பதிலை நான் இதுவரை படிக்கவில்லை. அவசரத் தடை விதி 9ஐ வைத்துக்கொள்ளட்டும். கலவரத்தைத் தூண்டும் காணொளி பரவும்போது 48 மணி நேரம் காத்திருக்க முடியாது என்பது உண்மைதான். 2011இலிருந்து ஏழு ஆண்டு இணையத்தில் இருந்த பக்கத்துக்கு அந்த அவசரம் பொருந்தாது.

விதி 16ஐயும், வெளியிட்டவருக்கு நோட்டீஸ் தராமலேயே தடுக்க இடம் தரும் நடைமுறையையும் எதிர்த்த மனு ஒன்றில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதில் தீர்ப்பு வரும்வரை, தளம் முடக்கப்பட்ட ஒருவருக்குக் கையில் கிடைக்கக்கூடிய முதல் அரசு ஆவணம் பெரும்பாலும் ஆர்டிஐ மறுப்புக் கடிதமாகத்தான் இருக்கும். எண்ணும் தேதியும் அலுவலகமும் குறிப்பிட்டு வரும் கடிதம் அது. ரிட் மனுவில் இணைக்க அதுவே போதும். ஆகவே மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், தொலைபேசியில் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.